கால் எரிச்சல் நீங்கவில்லை, நைனா எழுந்தார்

"இந்தக் காலை வெட்டி எடுத்துடச் சொல்லும்மா" என்று என் நைனா என்னிடம் கெஞ்சினார். 1981-ஆம் வருடம், மழைக்காலம் தொடங்கும் சமயம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்ப்பதற்கு நல்ல கால்கள்தான். வீக்கம்கூட இல்லை. ஆனால் உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

நைனாவின் பெயர் யாக்கோபு. தோணிரேவு என்ற எங்கள் ஊரில், ஏரியில் வலை போடுகிறவர். சர்க்கரை வியாதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊசி போட்டுக்கொண்டார், சோற்றைக் குறைத்துக்கொண்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்திருந்தபோதுதான் இந்த எரிச்சல் ஆரம்பித்தது. போர்வையின் நுனி பட்டாலும் துடிப்பார். அதே பாதத்தில் சிப்பி ஓடு கிழித்தால் அவருக்குத் தெரியாது. எரிச்சலுக்கு இதமாக இருக்குமென்று ஏரிச் சேற்றில் காலைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். எழுந்து வரும்போது பின்னால் ரத்தத் தடம் வரும். எல்லோரும் சேற்றில் புதைக்கத்தான் சொன்னார்கள். தண்ணீரிலேயே பிழைக்கிற எங்களுக்கு வேறு எந்த வைத்தியம் தோன்றும்?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே தேறினேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். ஊரில் யார் மருந்து வாங்கி வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள். நைனாவுக்கு நானே ஊசி போடுவேன். அப்படிப்பட்டவள், அவர் துடிக்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை.

வெளியூர் சபையாருக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் எங்களுக்கு ஓர் ஊர்க்கட்டு உண்டு. மீன் படும் இடங்களில் இன்று ஒரு கூட்டம், நாளை வேறு கூட்டம் என்று முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். முறை இல்லாத நாளில் கண்ணெதிரே மீன் துள்ளினாலும் வலையைத் தொடக் கூடாது. கூட்டத்தில் ஒருவர் நோயில் கிடந்தால் அவருடைய பங்கு வீடு தேடி வந்துவிடும். அந்தப் பங்குதான் நைனாவை உள்ளுக்குள் அரித்தது. அவருடைய கூட்டாளி மாணிக்கம் மாமா மீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தால் நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"குந்திகினு துன்றவனுக்கு இன்னாத்துக்குடா பங்கு?"

"நாளிக்கு நான் வுயுந்தா நீ குடுக்கமாட்டியா? சும்மா கெட யாக்கோபு."

அந்த வெட்கத்திலேயே முறை வந்த நாளில் வெறிபிடித்தவர்போலப் போவார். இனி நிற்கவே முடியாது என்று கால் சொல்லும்வரை வலை இழுப்பார். பிறகு ஒரு வாரம் பாயை விட்டு எழமாட்டார். மறுபடி முறை வரும், மறுபடி அதே கதை. கடைசியில் முகம் கழுவுவதையும் விட்டுவிட்டார். "அடுத்த மொறைக்கி நான் இருக்கமாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்றே அரிவாள்மனையைத் தூக்கி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். மீன் அரிய அங்கேதான் போவார்.

போதகர் வந்து ஜெபித்தார். உபவாசம் இருந்தோம். "வலியை எடுத்துப்போடும்" என்ற ஒரே ஜெபம். வலி இருந்தது. பதில் இல்லை.

மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது, மாத்திரையில் கொஞ்சம் குறையலாம், முழுவதும் போகாது என்றார். நான் வராந்தாவுக்கு வந்து தூணில் முகத்தை வைத்து அழுதேன். வாய்விட்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. வலியை எடுக்க உமக்குச் சித்தமில்லையென்றால் என் நைனாவையாவது எங்களுக்கு விட்டுவையும்." யோசித்து மாற்றிக் கேட்கவில்லை. வேறு வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

கண்ணைத் துடைப்பதற்குள் டாக்டர் மறுபடி உள்ளே கூப்பிட்டார். "சாப்பிடறதில்ல, பேசறதில்லன்னு சொன்னீங்களேம்மா. இங்க மனவியல் படிச்ச ஒரு அம்மா இருக்காங்க. வலியோட எப்படி வாழறதுன்னு சொல்லித் தருவாங்க. பாத்துட்டுப் போங்க."

நைனா எழுந்துவிட்டார். "எனுக்கு இன்னா பைத்தியமா? எரியறது காலு, மண்ட இல்ல."

பார்க்காமலே ஊர் திரும்பினோம். எனக்கும் கோபம்தான். மருந்து கேட்டால் ஆண்டவர் பேச்சைக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தது. குழாயடியில் செல்வராணி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி சாரா, உங்க நைனாவ கீழ்ப்பாக்கம் பைத்தியார ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறியாமே? படிச்ச பொண்ணு ரோசன பலமா கீது!"

அழுதுகொண்டே குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். நான் சொன்னதைக் கேட்ட அம்மா நேரே நைனாவிடம் போனார். "ஊரு உன்னப் பொணம்னு சொல்றதுக்கு, பைத்தியம்னு சொன்னா எனுக்கு சந்தோசம்தான்யா. சட்டையப் போடு."

மறுபடி மெட்ராஸ் போனோம். அந்த மனவியல் அம்மா முதலில் சொன்னது இதுதான்: "உங்க வலி நிஜம். மனசு கட்டின கதை இல்ல." அதைக் கேட்டு நைனா குழந்தைபோல அழுதார். பிறகு அந்த அம்மா நைனாவின் வேலையைப் பற்றி விசாரித்தார். நைனா ஏரியைப் பற்றி, முறையைப் பற்றி, பங்கைப் பற்றிச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

"முறை இல்லாத நாள்ல மீன் துள்ளினா வலை போடுவீங்களா?"

"எப்டிம்மா போடுவேன்? ஊர்க்கட்டாச்சே."

"முறை நாள்ல மீன் வரலன்னா?"

"வராட்டி இன்னா, போய்த்தான் ஆவணும்."

"அப்ப காலுக்கு மட்டும் ஏன் கட்டு இல்ல? தாங்கற வரைக்கும் இழுக்கறீங்க, தாங்காட்டி வாரம் பூரா படுத்துடறீங்க. வலிதான் உங்களுக்கு நாட்டாமையா இருக்கு. இனிமே நீங்க முறை வைங்க. கொஞ்சம் வேலை, கொஞ்சம் உட்காரணும். கால் நல்லா இருந்தாலும் உட்காரணும். எரிஞ்சாலும் முறை வந்தா எழுந்துக்கணும்."

மூச்சை மெதுவாக விட்டு உடம்பைத் தளர்த்தவும், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வரும்போது அது உண்மைதானா என்று தன்னையே கேட்கவும் பழக்கினார். சேற்றில் காலை வைக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம், "வலிக்குதான்னு கேக்காதீங்க. இன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க" என்றார். அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நாளெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. மெட்ராஸ் போவதும் வருவதுமாக மாதங்கள் ஓடின. மூச்சுப் பயிற்சியின் நடுவிலேயே "போதும் நிறுத்து" என்று பாயை உதறிய நாட்கள் உண்டு. திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிய நாட்களும் உண்டு. என் ஜெபம் வெறும் பழக்கமாகிவிட்டது. அரிவாள்மனை இன்னும் அடுத்த வீட்டில்தான் இருந்தது.

அடுத்த வருடம், கோடையில் ஒரு முறை நாள். நல்ல மீன் பட்டது. ஆழமில்லாத இடத்தில் எல்லோரும் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் கூடையோடு நின்றிருந்தேன். நைனா, காலில் செருப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றவர், திடீரென்று வலைக் கயிற்றை விட்டுவிட்டுத் தோணியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா யாக்கோபு, மீனு துள்ற நேரத்துல குந்திகினே? மாப்ளைக்கு சோடா வேணுமா?" என்று மாணிக்கம் மாமா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தக் கேலிக்குப் பயந்துதானே அவர் சாகுமளவு இழுத்தார்! ஆனால் நைனா அசையவில்லை. "என் மொற முடிஞ்சிபோச்சி. அடுத்த மொறைக்கி நானே வரேன். அதுவரைக்கும் மீனாண்ட நீ பேசிகினு இரு" என்றார். கண்ணை மூடி மூச்சை விட்டார். சற்றுநேரம் கழித்து, உதட்டைக் கடித்தபடி, தோணியிலிருந்து இறங்கினார். எரிகிறது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. இறங்கிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

அங்கேயே கரை மண்ணில் மண்டியிட்டேன். நான் தூணில் சாய்ந்து கேட்டதைக் கர்த்தர் கொடுத்துவிட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. என் நைனாவை எனக்கு விட்டுவைத்திருந்தார். ஒரு டாக்டரின் வாயாலும், ஒரு பெண்ணின் கேள்விகளாலும், பைத்தியம் என்ற பேருக்கு அஞ்சாத என் அம்மாவாலும் அதைச் செய்தார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. எரிச்சல் இன்றும் இருக்கிறது. சில நாட்களில் அவர் அழுவதும் உண்டு. அப்போது நான் பழையபடி ஒன்றும் செய்ய முடியாதவளாக அருகில் உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் முறை என்றால் எழுந்து முகம் கழுவுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். கேட்டது கிடைக்கவில்லை என்று ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். மனதுக்கு வைத்தியம் பார்க்க வெட்கப்படாதீர்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நானே மெட்ராஸுக்குக் கூட வருகிறேன். வழியெல்லாம் உங்களோடு ஜெபிப்பேன். வலி போய்விடும் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தெரியாது. ஆனால் எங்களைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.