பரவாயில்லை தைத்த பை

“இந்தப் பையை யார் தைச்சது?” என்று என் நாத்தனாரைக் கேட்டேன். “பரவாயில்லை” என்றாள்.

“அட, சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவே?”

“அதான் சொல்றேனே அண்ணி, அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க!”

நாத்தனாருடைய மாமனாரின் தம்பிக்கு மூத்த மருமகள் அவள். கான்வாஸ் பை தைப்பவள். “பை நல்லா இருக்குமா?” என்று யார் கேட்டாலும், “பரவாயில்லைங்க, ஏதோ சுமாரா இருக்கும்” என்பாள். தன் பொருளைத் தானே புகழ அவளுக்கு நாக்கு கூசும். கேட்டவர் பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் சனிக்கிழமைச் சந்தையில் பேசி விற்பதெல்லாம் அவள் தங்கைதான். அக்கா பின்னால் குனிந்து நூல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு சமயம் தங்கை தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். இரண்டு சனிக்கிழமை ஒரு பைகூட நகரவில்லை. சந்தை மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

“அடுத்த வாரமும் ஒண்ணும் போகலைன்னா மேசையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்மா. கோவிச்சுக்காதீங்க.”

அந்த மேசை போனால் பிழைப்பே போனது போலத்தான். வீடு வீடாகக் கதவு தட்டும் ரகமில்லை அவள்.

மூன்றாவது சனிக்கிழமை மதியமே பக்கத்து பிளாஸ்டிக் கடைக்காரன் டேப்பை விரித்து அவள் மேசையை அளக்க ஆரம்பித்துவிட்டான்.

“சும்மா நீளம் பார்க்கிறேன்க்கா. நீங்க உட்காருங்க.”

சந்தை மூட ஒரு மணி நேரம் இருந்தபோது குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்தார். பிடி அறுந்த பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அவளுடைய பை ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

“என் சாமானைத் தாங்குமாம்மா?”

“பரவாயில்லைங்க...” வாய் முந்திக்கொண்டது.

அவர் பையை வைத்துவிட்டுத் திரும்பினார். டேப்காரன் சிரித்தான். அவள் எழுந்துவிட்டாள்.

“அண்ணே, நில்லுங்க! பரவாயில்லைன்னு சொன்னது பொய்.”

அவர் நின்றார். அறுந்த பையை வாங்கி விரலால் காட்டினாள்.

“இதுல பிடியைப் பை வாயோரத்துல மட்டும் தைச்சிருக்கு. அதான் பிஞ்சுது. என் பையில பிடி அடிவரைக்கும் சுத்தி வருது. எல்லாத்தையும் போட்டுத் தூக்குங்க.”

ஸ்பானர், சுத்தியல், குழாய்த் துண்டுகள் என்று எல்லாம் உள்ளே போயின. அவர் தூக்கி ஓர் ஆட்டு ஆட்டினார். டக்கென்று ஒரு சத்தம்.

“போச்சுடா!” என்றான் டேப்காரன்.

அவள் குனிந்து தையலைத் தடவினாள். ஒரு நூலும் நகரவில்லை. ஸ்பானர் சுத்தியலில் இடித்த சத்தம்தான்.

“அப்போ நல்ல பைதானே?” என்றார் அவர், கண்ணை அவள் முகத்தைவிட்டு எடுக்காமல்.

அவள் எச்சிலை விழுங்கினாள்.

“நல்ல பை. நான் தைச்சது.”

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ரெண்டாக் கொடுங்க. என் மச்சானுக்கும் ஒண்ணு ஆகும்.”

அவர் போனதும் அவள் உட்காரவில்லை. ஒரு பையைத் தலைக்கு மேலே தூக்கி, “நல்ல பை! தூக்கிப் பார்த்து வாங்குங்க!” என்று கத்தினாள். முதல் தடவை குரல் கீச்சென்று உடைந்தது. இரண்டாவது தடவை நாலு பேர் திரும்பினார்கள். பிளாஸ்டிக்காரன் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இப்போது தங்கை தைக்கக் கற்றுக்கொண்டு வீட்டில் மெஷின் மிதிக்கிறாள். அக்கா வாரத்தில் மூன்று நாள் சந்தை வாசலை ஒட்டிய மேசையில் நின்று விற்கிறாள்.