ஜல்லி மெஷின்காரர் பெண் பார்க்க வந்தது

பிரெஞ்சுக்காரர் காலத்தில் வில்லியனூர் ரோட்டுக்கு ஜல்லி போட, கண்டிராக்டர் ஒருவர் கல் உடைக்கிற மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இரண்டு இரும்புத் தாடை. நடுவில் கருங்கல்லைப் போட்டால் கடகடவென்று மென்று கீழே துப்பும். அதை ஓட்டியவர்தான் செலியமேட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்.

நாளெல்லாம் அந்தச் சத்தத்தோடு போட்டி போட்ட தொண்டை. குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கே கொல்லையில் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது. மழை உண்டா, நடவு ஆச்சா என்று விசாரித்ததெல்லாம் சண்டைக்கு இழுப்பதுபோல் இருந்தது. கதவுக்குப் பின்னால் எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், பயம் ஒருபக்கம். அம்மாவுக்குப் பயம் மட்டும்தான். இப்படிக் கத்துகிறவனிடம் பெண் எப்படிக் குப்பை கொட்டுவாள் என்று, வந்தவர்கள் வண்டியேறியதும் அப்பாவைக் கேட்டாள். அப்பா கொத்தனார், முகம் முறித்துப் பேசாதவர். ஆள் விட்டுச் சொன்னால் மரியாதை இல்லை, நானே போய் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்று மறுநாள் காலையில் கிளம்பினார்.

பொழுது சாயத்தான் திரும்பினார். தலை, புருவம், மீசையெல்லாம் வெள்ளை. துண்டின் முனையில் ஏதோ கனமான முடிச்சு.

"இன்னா, சொல்லிட்டீங்களா?" என்றாள் அம்மா.

சொன்னாராம். மெஷின் சத்தத்தில் அது எப்படிக் காதில் விழுந்ததோ, மெஷின்காரர் தலையை ஆட்டிவிட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மெஷினைச் சுற்றிக் காட்டினாராம். அப்புறம் இன்னொரு தரம் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. முடிச்சை அவிழ்த்தார். ஜல்லியோடு விழுகிற கல்பொடி, சலித்தெடுத்தது.

"இதுகிட்ட ஆத்துமணலு பிச்ச வாங்கணும்" என்று சுண்ணாம்போடு குழைத்து, மாட்டுக்கொட்டகைச் சுவரிலேயே பூசிக் காட்டினார். பெண் தரமாட்டேன் என்று சொல்லப்போன மனுஷன் மணல் முடிந்துகொண்டு வந்த கதையை அம்மா தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார், நாங்கள் சரியென்றதாகவே நினைத்து, நிச்சயத் தட்டோடு வந்துவிட்டார்கள். பெண் வாய்விட்டுச் சம்மதம் சொன்னால்தான் தட்டைத் தொடுவேன் என்றாள் அம்மா. அவர் கதவருகே வந்தார். மெதுவாகப் பேசச்சொல்லி யாரோ படித்துப்படித்துச் சொல்லியிருக்க வேண்டும். முணுமுணுத்தது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. இன்னா என்றேன். மறுபடி முணுமுணுப்பு. மறுபடியும் இன்னா என்றேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்குக் காது மடல்வரை சூடேறியது. சம்மதம் என்றேன், வாய்க்குள்ளேயே. அவர் காதைச் சாய்த்து இன்னா என்றார். நிஜமாகவே கேட்கவில்லை, தவித்துப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் என் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"சம்மதந்தான்" என்று நான் போட்ட சத்தம் எதிர்சாரி வரைக்கும் கேட்டதாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

அறுவடை முடிந்து கல்யாணம் ஆயிற்று. மெஷின் பாகூர்ப் பக்கம் நகர்ந்தபோது நாங்களும் பின்னாலேயே குடித்தனம் போனோம். அங்கே அக்கம்பக்கத்தார் முதல் சில நாள் எங்களைச் சமாதானப்படுத்த ஓடி ஓடி வந்தார்கள். நாங்களோ, ராத்திரிக்கு இன்னா குழம்பு வைக்கலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.