கொசுறுக்கு முருங்கைக்கீரை

கறிக்கடையில நிக்கற பொம்பளைக்கு ரெண்டு வேலை: ஒண்ணு, கறிய நிறுத்துக் குடுக்கறது, இன்னொண்ணு, வாங்க வந்தவங்க வூட்ல நைட்டுக்கு இன்னா ஆக்கறதுன்னு முடிவு பண்றது. முதல் வேலையவிட ரெண்டாவதுதான் பேஜாரு. ஷிப்டு முடிஞ்சி, பஸ்ஸுல தொங்கிக்கினு வந்து, எண்ணெய் அதிகம் ஆவக் கூடாது, ஜல்தியா ஆவணும், புள்ளைங்களும் துன்னணும், எதாச்சும் வழி சொல்லுன்னு நிப்பாங்க. இத்தப் படிக்கிற நீங்களும் சாய்ங்காலம் ஆனா அடுப்பாண்ட நின்னு முழிக்கிறவங்கதான்னு எனக்குத் தெரியும். நாம எல்லாம் ஒரே கட்சி. எர்ணாவூர் குடியிருப்புக்கு எதிர்ல எங்க மாட்டுக்கறிக் கடை. எங்க வூட்டுக்காரரு ஏழுமலை வெட்டுவாரு, நான் நிறுத்துக் குடுப்பேன். இருவது வருசமா இதான் பொழப்பு.

மூணு மாசக் கெடு

போன வருசம் ஒரு நாள், மூணாவது மாடியில கீற எங்க வூட்டுக்கு ஏறி வந்த எங்க வூட்டுக்காரரு வாசல்படியிலயே குந்திக்கினாரு. மூச்சு வாங்குது, சட்டையெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனேன். இப்போதைக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல, ரத்தத்துல கொழுப்பு ஏறிக்கீதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மாத்திரை எழுதிக் குடுத்து, தெனமும் நடக்கச் சொன்னாங்க. மூணு மாசம் கழிச்சித் திரும்ப ரத்தம் பாப்பேன், எறங்கலன்னா மாட்டுக்கறியையே மறந்துடணும்னு கண்டிசனா சொல்லிட்டாங்க.

நைட்டானா என் ரெண்டு பொண்ணுங்களையும் பக்கத்துல வச்சிக்கினு, ஒரே தட்டுல சோத்தைப் பெசைஞ்சி, இந்தப் பீஸு நான் வெட்டினதுன்னு பீத்திக்கினு துன்றதுதான் அவருக்குச் சந்தோசம். சினிமா, பீடி, தண்ணி எதுவும் கெடையாது. அந்த ஒண்ணையும் புடுங்கிட்டா மனுசனாண்ட அப்பால இன்னா கீது? மறுநாள் காலையில கத்தியத் தீட்டிக்கினே, என் மூஞ்சைப் பாக்காம சொன்னாரு: "பூசாரியாண்ட போயி, கோயில நீதான் பாத்துக்கணும், ஆனா சாமி மட்டும் கும்புடாதன்னு சொல்ற மாதிரி கீதும்மா."

ஒரு ஸ்பூன் எண்ணெய்

நான் வுடுவனா? கொழுப்பு இல்லாத சதைக்கறி, முள்ளங்கி, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மிளகு. எல்லாத்தையும் ஒண்ணாக் குக்கர்ல போட்டு, ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊத்தி எட்டு விசில். வேலை முடிஞ்சிது. ஆனா மூடியத் தொறந்தா, மேல ஒரு வெரக்கடைக்கு எண்ணெய் மெதக்குது! மூணு நாளும் இதே கதை. பொண்ணுங்கதான் எனக்குத் தெரியாம ஊத்துதுன்னு நெனைச்சி ரெண்டையும் வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பாவம், அதுங்க எண்ணெய் டப்பாவையே தொடல.

நாலாவது நாள் கடையில உஷாரா பாத்துக்கினே நின்னேன். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. கறிய நிறுத்தப்புறம் மேல ஒரு துண்டு கொழுப்பைக் கொசுறா போடணும். போடலன்னா வாங்கறவங்களுக்கு மனசு ஆறாது. எங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக் கறியக் கட்டறப்பவும் ஒரு துண்டு கொழுப்பை உள்ள தள்றாரு! கையும் களவுமா புடிச்சிட்டேன். மனுசன் கொழுப்பையும் கையையும் மாறி மாறிப் பாக்கறாரு. வேணும்னு செய்யல, இருவது வருசத்துப் பழக்கம், கை தானா போவுது. இது திருந்தாதுன்னு தெரிஞ்சி போச்சி. அன்னிலேருந்து கடையில யாருக்குமே கொழுப்புக் கொசுறு கெடையாது, எங்க பிளாக்குக்குப் பின்னாடி கீற மரத்துலேருந்து ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைதான்னு சட்டம் போட்டேன். கண்டெய்னர் வண்டி ஓட்டற டில்லி, பத்து வருசத்து வாடிக்கை, கீரைய ரெண்டு வெரல்ல தூக்கிப் புடிச்சிக்கினு கேட்டான்: "இன்னா அண்ணி, கறி வாங்கினா கீரை தர்றே, நாளைக்குக் கீரை வாங்கினா கறி குடுப்பியா?"

கலா வூட்டுப் பப்பாளி

எங்க வாடிக்கை கலாவுக்குத் துணி கம்பெனியில தையல் வேலை. அவ ஆக்கற கறி வேவறதுக்குள்ள புள்ளைங்க தூங்கிடுதாம். நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். கட்டை வெரல் அளவு பப்பாளிக்காயை அரைச்சி, கறியில தடவி அரை மணி நேரம் வச்சா, பஞ்சு மாதிரி வெந்துடும். தலைய ஆட்டிக்கினு போனா. கட்டை வெரல் அளவுக்கே இவ்ளோ வேலை செஞ்சா, பாதிக் காய் போட்டா எப்படி இருக்கும்னு அவளா ஒரு கணக்கு போட்டுக்கினா. காலையிலயே தடவி பிரிட்ஜில வச்சிட்டு வேலைக்குப் பூட்டா. சாய்ங்காலம் வந்து குக்கரைத் தொறந்தா உள்ள ஒரு பீஸுகூட இல்ல. எல்லாம் கூழு.

மறுநாள் அவ கடையப் பாத்து வேகமா வர்றதப் பாத்து, எனக்கு அர்ச்சனை கீதுன்னு தராசுக்குப் பின்னாடி ஒதுங்கினேன். அவ சிரிச்சிக்கினு வர்றா. அந்தக் கூழுல கேரட்டையும் கோசையும் துருவிப் போட்டு, மிளகு தூவி, சப்பாத்தியில சுருட்டிக் குடுத்துட்டாளாம். கேரட்டைப் பாத்தாலே தட்டைத் தள்ற புள்ளைங்க நாலு நாலு துன்னுதாம். அவ மாமியாரு, பல்லு கொட்டிப்போனதுலேருந்து கறிக்குழம்புல வெறும் சாறு மட்டும் ஊத்திக்கிறவங்க, மூணு துன்னுட்டு ஏப்பம் வுட்டாங்களாம். கலா என் கையப் புடிச்சிக்கினு சொன்னா: "அக்கா, மாமியாரு என் கழுத்துல காசு மாலை போடற அளவுக்குக் குஷியா கீது, இன்னிக்கும் அதே மாதிரி கெடுத்துத் தரச் சொல்லுது."

மீன்காரி ஆக்கின ஆட்டுக்கறி

எங்க கடைக்கு நாலு கடை தள்ளி மீன் விக்கிறவ கஸ்தூரி. வூட்டுக்காரரு போட்டுல மீன் புடிக்கப் போறவரு. தெனமும் மீனே துன்னு துன்னு, வூட்ல எல்லாரும் சட்டியப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குதாம். அவங்க மாட்டுக்கறி சேர்க்க மாட்டாங்க. ஆட்டுக்கறி வாங்கிக்கினு என்னாண்ட வந்து வழி கேட்டா. அவரைக்காய் போட்டு செய்னு மசாலா எல்லாம் சொல்லிக் குடுத்தேன். பதிலுக்கு அவளும் ஒரு யோசனை சொன்னா: எண்ணெய் கொறைஞ்சா ருசி கொறையுதுன்னு ஏன் அழுவறே, ரெண்டு துண்டு மாங்காய் போடுன்னா. அன்னிக்கே மாட்டுக்கறியில போட்டேன். எங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசத்துக்கு அப்பால மொத மொதலா இன்னொரு கரண்டி கேட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி, வெங்காயம்னு சொல்லி சமாளிச்சேன்.

கஸ்தூரி கதை வேற. பொறந்ததுலேருந்து மீனே ஆக்கின கை அது. கரண்டி போட்டா ஒடைஞ்சிடும்னு, சட்டிய ரெண்டு பக்கமும் புடிச்சி அப்படியே ஒரு சுத்து சுத்திவுட்டு, ரெண்டு கொதி வந்தவொடனே கறியையும் எறக்கிட்டா! கறிய நல்லா வேவ வைக்கணும்னு நான் தனியா சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் குழம்பு எப்படின்னு பெருமையா கேட்டேன். அவ மீனைச் செதில் எடுத்துக்கினே சொன்னா: "எங்க வூட்டுக்காரரு, நடுக்கடல்ல வலை இஸ்தாகூட தோள்பட்டைதான் வலிக்கும், உன் கறியத் துன்னா தாடையே கழண்டுடும்போலன்றாருக்கா."

டாக்டரம்மா

மூணு மாசம் முடிஞ்சி ரிசல்ட்டு வாங்கப் போனோம். டாக்டரம்மா பேப்பரைப் பாத்தாங்க. திருப்பிப் பழைய பேப்பரைப் பாத்தாங்க. நல்லா எறங்கிக்கீது, மாத்திரைய வுடாதீங்க, நடையையும் வுடாதீங்க, வாரத்துல ரெண்டு நாள் இதே மாதிரி கொழுப்பு இல்லாம மாட்டுக்கறி துன்னலாம்னு சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு அத்தனை பேருக்கு முன்னாடி என் கையப் புடிச்சிக்கினாரு. கல்யாணத்துல புடிச்சவரு, அப்பால வெளியில இப்பதான். எப்படி ஆக்கினீங்கன்னு டாக்டரம்மா கேக்க, மூணு மாசமா மொனகிக்கினே துன்ன மனுசன், முள்ளங்கிலேருந்து மாங்காய் வரைக்கும் தானே கண்டுபுடிச்ச மாதிரி பத்து நிமிசம் சொன்னாரு. அவங்க மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதிக்கினாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம். வரிசையில பாத்தா டாக்டரம்மா பையோட நிக்கறாங்க! அவரு பதறிப் போயி, கத்தியக் கழுவி, துளிக் கொழுப்பு இல்லாம சீவிச் சீவி அரைக்கிலோ வெட்டினாரு. பரீட்சை எழுதற புள்ள மாதிரி அப்படி ஒரு கவனம். நான் நிறுத்து, மேல ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைய வச்சி, பெருமையா நீட்டினேன். டாக்டரம்மா பைய வாங்கிக்கல. கீரையப் பாத்தாங்க, ஓரமா ஒதுக்கி வச்சிருந்த கொழுப்பைப் பாத்தாங்க, டில்லி பின்னாடி நிக்கறதைக்கூட கவனிக்காம கொரலத் தாழ்த்திக் கேட்டாங்க: "ஏம்மா, கறிக்கடையில கொசுறா ஒரு துண்டு கொழுப்பு போடுவாங்களே, எனக்குக் கெடையாதா?"

ரத்தத்துல கீற கொழுப்பை மூணு மாசத்துல எறக்கிடலாம், கொசுறு கேக்கற ஆசைய எறக்க மட்டும் டாக்டரம்மாவாண்டயே மாத்திரை இல்ல.