அமலோற்பவம் மாற்றிச் சொன்ன ஜெபம்

செஞ்சியில் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் பங்குச் சாமியாருக்குச் சொல்லுவார்கள், அடுத்து அமலோற்பவத்துக்குச் சொல்லுவார்கள். சில வீடுகளில் அந்த வரிசை மாறியும் இருக்கிறது. சாமியார் சுற்றுப்பட்டு ஊர்களில் பூசை வைத்துவிட்டு பைக்கில் வந்து சேர்வதற்குள், அமலோற்பவம் தையல் மிஷினைத் துணி போட்டு மூடி, ஜாக்கெட்டுக்குக் காத்திருந்தவளை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, சாவு வீட்டில் ஜெபமாலையைத் தொடங்கியிருப்பாள். கையில் புத்தகம் இருக்காது. அத்தனையும் மனப்பாடம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பவர்கள்கூட அவளுடைய கணீர்க் குரல் கேட்டதும் மூக்கைச் சிந்திவிட்டுப் பதில் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெருமை அவளுக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

புருசன் தங்கராசு மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும் கோயிலுக்கு வருவார். வந்தாலும் உள்ளே வரமாட்டார், வாசல் தூணில் சாய்ந்து நின்று பூசை பார்ப்பார். வீட்டுக்கு ஒருத்தர் ஜெபம் பண்ணினால் போதும் என்பது அவர் கட்சி. அந்த மனுசன் ஐப்பசி மாசத்தில் ஒருநாள் மூட்டையோடு நடந்தவர் பாதி வழியில் அதை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, சட்டையெல்லாம் வேர்வை. இதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் பண்ணவேண்டும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லி, நவம்பரில் ஒரு வியாழக்கிழமை தேதியும் கொடுத்தார்கள்.

நவம்பர் என்றால் கத்தோலிக்கருக்கு இறந்தவர்களின் மாதம். கல்லறைத் திருநாளில் தொடங்கி மாதம் முழுக்க யாராவது தங்கள் வீட்டு ஆத்துமாவுக்காக ஜெபம் சொல்லக் கூப்பிட்டபடி இருப்பார்கள். புருசனுக்கு ஆபரேஷன் வைத்துக்கொண்டு வரமுடியாது என்று சொல்ல அமலோற்பவத்துக்கு வாய் வரவில்லை. அவளே சொல்லியிருந்தாலும் கூப்பிட்டவர்கள் விட்டிருக்கமாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. தங்கராசு நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று ஜெபமாலை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ராஜாம்பாளும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். அவள் அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிறவள். ஆனாலும் தங்கராசண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவளால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்ததும் பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை சொல்லவேண்டும். சாவு வீட்டில் மட்டும் அந்த இடத்தில் வேறு ஜெபம். செத்தவர் பேரைச் சொல்லி, அவருக்கு நித்திய இளைப்பாற்றி, அதாவது முடிவில்லாத ஓய்வு, கேட்கிற ஜெபம். அமலோற்பவத்தின் வாய் மணிகளோடு ஓடிக்கொண்டிருந்தது, கண் தங்கராசுவின் நெஞ்சின் மேல் இருந்தது. சட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டாவது பத்து மணியையும் முடித்தவள், அதே கணீர்க் குரலில், "தங்கராசுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்றாள்.

கூட்டம் முழுவதும் அதற்குரிய பதிலை ஒரே குரலில் சொல்லி முடித்தது. ஒரு ஆள்கூட தடுமாறவில்லை. தங்கராசுவும் அவர்களோடு சேர்ந்துதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. பாயில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஒன்றும் புரியாத ராஜாம்பாள்தான், "இன்னா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். அமலோற்பவம் மாலையை மடியில் போட்டுவிட்டாள். மிச்ச ஜெபமாலையை வேறு யாரோ முணுமுணுத்து முடித்தார்கள். டீயைக் குடித்தும் குடிக்காமலும் எல்லோரும் எழுந்து போனார்கள். அவர்களும் கூடச் சேர்ந்து சொன்னவர்கள்தான். ஆனால் விடிவதற்குள் தெருவில் பேச்சு, அமலோற்பவம் புருசனுக்குச் சாவு ஜெபம் சொல்லிவிட்டாள் என்றுதான் நடந்தது.

மறுநாள் அவள் தனியாக உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். பத்தாவது மணி நெருங்க நெருங்க அந்த ஜெபம் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. பயந்துபோய் மாலையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடியும் அதே கதை. அதற்குப் பிறகு அதைப் பையில் போட்டு மூடிவிட்டாள். சொல்லக்கூடாததைச் சொல்லியாகிவிட்டது, ஆண்டவர் அதைக் கேட்டிருப்பாரே, கேட்டதைக் கொடுத்துவிட்டால்? தங்கராசு தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சாமியார் சின்ன வயசுக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது பாவமே இல்லைம்மா, ஆண்டவருக்குத் தெரியாதா, போய் நிம்மதியாக ஜெபம் பண்ணுங்கள் என்றார். ஜெபம்தான் வரவில்லை என்று சொல்லத்தானே அவள் வந்திருந்தாள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வெளியே இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

சிவப்பு விளக்கு எரிகிற, ஆண்டவர் குடியிருக்கிற நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்காலிட்டாள். மனப்பாட ஜெபங்களைத் தள்ளி வைத்துவிட்டால் அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று தேடினாள். ஒரு வார்த்தை இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் ஊர்ப்பட்ட பேருக்கு மனு எழுதிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி இத்தனை வருசம் தெருவுக்கே மனு எழுதியிருக்கிறோம், தனக்கென்று ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது. என் குரல்தான் அவருக்குத் தெரியும், என் முகம் தெரியுமா என்று நினைத்தபோது, புருசனை நினைத்துப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தாள். அப்படியே எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டு வாசலில் ராஜாம்பாள் எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தாள். மலையனூர் அம்மனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அவகிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன்க்கா. அண்ணனுக்கு எதனா ஆச்சி, இனிமே ஒன் வாசப்படி மிதிக்கமாட்டேன், நீ கெடன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"சாமிகிட்ட அப்படியெல்லாம் பேசலாமாடி?"

"பின்ன யார்கிட்ட பேசறது, கவுன்சிலர்கிட்டயா?"

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ராஜாம்பாள் மேல் இல்லை, பொறாமையில் வந்தது. எலுமிச்சம்பழத்தை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், தையல் மிஷின் மேல் வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் தங்கராசுவுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். சென்னையில் வேலை செய்யும் மகள் கவிதா லீவு போட்டு வந்து, நர்சு நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "டென்ஷன் ஆவாதம்மா" என்று சொன்னவள் ஒரே காகிதத்தில் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டாள். தியேட்டர் கதவு வரைக்கும் அமலோற்பவம் வண்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புருசனும் பெண்டாட்டியும் அந்த ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சாப்டியா, மாத்திரை போட்டியா என்பதோடு சரி.

கதவுக்கு முன்னால் வண்டி நின்றதும் அவர் அவள் கையைப் பிடித்தார்.

"அமலு, எதனா சொல்லு."

"இன்னா சொல்றது?"

"ஜெபம் சொல்லு. ஊருக்கே சொல்ற, எனக்கு சொல்லமாட்டியா?"

"எனக்கு வாய் தொறக்க பயமா இருக்குதுங்க. மறுபடியும் அதே வந்துடும்."

"நானுந்தான் அன்னைக்கி பதில் சொன்னேன். எனக்கும் பயமாத்தான் இருக்குது. எதனா ஒண்ணு சொல்லு, அவங்க இட்டுனு போவப் போறாங்க."

வண்டியைத் தள்ளுகிறவர் மணியைப் பார்த்தார். அமலோற்பவம் தங்கராசுவின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். வாயைத் திறந்தாள். அந்தச் சாவு ஜெபம் வந்து நின்றது. எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள். அதற்குப் பிறகு வந்தது கணீர்க் குரல் இல்லை, பக்கத்தில் நின்றவருக்கே கேட்காத ஒரு குரல்.

"சேசுவே, இவரு தங்கராசு. செஞ்சி கமிட்டில மூட்ட தூக்குறவரு. கோயிலுக்கு வந்தா தூணாண்டயே நிப்பாரு, நீ பாத்திருப்ப. எனக்கு இவர வுட்டா வேற ஆளு கெடையாது. அன்னைக்கி நான் சொன்னத மனசுல வச்சிக்காத. இதுக்கு மேல என்ன உள்ள வுடமாட்டாங்க. நீ கூடப் போ."

"ஆமென்" என்றார் தங்கராசு. கதவு திறந்து, மூடியது.

அமலோற்பவம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரிடம் நீ, வா, போ என்று பேசினோம் என்று நினைத்து அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெபமாலை பையிலேயே இருந்தது, அதை எடுக்கவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. இன்னா பண்றாங்க உள்ள, மயக்கம் குடுத்துட்டாங்களா, அவருக்கு ஊசின்னா பயம், கையப் புடிச்சிக்கோ என்று வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தாள். ராஜாம்பாளைப் போல சண்டையும் போட்டாள். நடுவில் ஒருமுறை அழுதாள். கவிதா டீ வாங்கி வந்தாள். அது ஆறிப்போயிற்று.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். தாயும் மகளும் எழுந்து நின்றார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை, ரெண்டு நாள் போகட்டும், உள்ளேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். நாங்கள் பார்க்கலாமா என்று கவிதா கேட்டதற்கு இன்றைக்கு யாரையும் விடமுடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவிதா அம்மாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அமலோற்பவம் மூடியிருந்த கதவைப் பார்த்தாள். அவள் உதடு மறுபடி அசைந்தது.

"நீ இன்னும் வெளிய வந்துடாத சேசுவே. அங்கயே இரு."