அடுப்புக்கு இரண்டாவது சல்லடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்து. பல் தேய்க்கப் பின்பக்கம் போன நான் முதலில் பார்த்தது, எங்கள் அடுப்புக்குள் தலையை விட்டிருந்த ஓர் ஆளை. வெளியே தெரிந்தவை கம்பெனி யூனிஃபார்ம் பேன்ட்டும் இரண்டு பாதங்களும்தான். பக்கத்தில் அத்தை டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அத்தை, அப்பாவின் தங்கை. ஒரகடத்துக்கு முதல் ஷிப்ட் பஸ் ஏறும் பையன்களுக்கு வீட்டு வாசலில் இட்லி விற்றாள். அதற்காகக் காயலான் கடையில் வாங்கிய பழைய இரும்பு விறகடுப்பில், விறகைத் தாங்கும் சல்லடை இல்லை. அதன் கீழே இருக்க வேண்டிய சாம்பல் தட்டும் இல்லை. விறகு அடியில் கிடந்து புகைந்தது. இட்லி வேகும் முன்பே பஸ் போய்விடும்.

தலையை வெளியே எடுத்தவர் மாடி அறைக்காரர். திருநெல்வேலிப் பக்கம்; வெல்டிங் லைனில் வேலை. வாடகைக்கு இருப்பவர்கள் படியிறங்கினால் நேரே தெருவுக்குப் போக வேண்டும், பின்பக்கம் வரக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அடுப்பு வேலை முடியும்வரை அவருக்கு மட்டும் விலக்கு.

வெர்னியர் வைத்து அளந்து, தெரிந்த பட்டறையில் சல்லடை செய்து கொண்டுவந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"லைன்ல இப்படித்தான் அண்ணாச்சி. அரை மில்லி கூடுனாலும் ரிஜெக்ட்டு," என்று அப்பாவிடம் பெருமைப்பட்டார்.

மறுநாள் சூட்டில் விரிந்த சல்லடை உள்ளேயே இறுகிக்கொண்டது. அடுப்பைக் கவிழ்த்துச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது.

"சூடு ஏறுனா இரும்பு பெருக்கும்னு தெரியாது? ஒரு நூல் எடம் வுட வேணாம்? இன்னா கம்பெனியோ," என்றாள் அத்தை.

"சொல்லித் தர அங்க ஆளு இல்லல்லா," என்றார் அவர்.

ஓரத்தைத் தேய்த்துக் குறைத்தார். அடுத்த ஞாயிறு சாம்பல் தட்டு வந்தது; அதற்கடுத்த ஞாயிறு தட்டுக்குக் கைப்பிடி. அடுப்பு புகையாமல் எரிந்தது. பஸ் வருவதற்குள் இட்லி தீர்ந்தது.

"வேல முடிஞ்சிச்சு இல்ல? இனிமே படியோட போவச் சொல்லு," என்று அப்பா அம்மாவிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை, இட்லி விற்று முடித்த பிறகு, சல்லடை காணாமல் போனது.

"இரும்பு பொறுக்கறவன் எவனோ தூக்கினு போய்ட்டான்," என்றார் அப்பா. சாம்பல் தட்டை விட்டுவிட்டுச் சல்லடையை மட்டும் எடுத்த திருடனைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

மறுநாளே மாடிக்காரர் புதுச் சல்லடையோடு பின்பக்கம் வந்துவிட்டார். நான் அப்போது விறகுக் குவியலுக்குப் பின்னால் பூனைக்குட்டி தேடிக்கொண்டிருந்தேன். பூனைக்குட்டி இல்லை. பழைய தாவணி சுற்றிய கனமான பொருள் ஒன்று இருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் போட்டேன்.

"அத்தே, கெடச்சிடுச்சி. உன் தாவணிலதான் கீது."

யாரும் பாராட்டவில்லை. அத்தை என் தொடையில் கிள்ளினாள். மாடிக்காரர் அடுப்புக்குள் மறுபடி தலையை விட்டார். அப்பா தாவணியைப் பார்த்தார், புதுச் சல்லடையைப் பார்த்தார், அத்தையை வெகுநேரம் பார்த்தார்.

"அவருக்கு ஒரு டீ போடு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கண்டுபிடித்த எனக்குக் கிள்ளு, அவருக்கு டீ. எந்தக் கணக்கிலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அடுத்த தை மாதத்திலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். அத்தையும் அவரும் குன்றத்தூரில் இருக்கிறார்கள். வீட்டில் காஸ் அடுப்பு. பரணில் இரண்டு சல்லடைகள் உள்ளன. ஒன்றில் மட்டும் கரி படிந்திருக்கிறது.