ஆளில்லாத வாசல்

நாற்பத்தாறாம் வருஷம் தாதரில் ஒரு படக் கம்பெனி கிடங்கில் பிலிம் செக்கராகச் சேர்ந்தேன். முதல் நாளே சேட் ஒரு சட்டம் சொன்னார். படம் நீளமா, ஆள் இல்லாத ஷாட்டைத் தேடு.

"வானம், மரம், காலி வீடு... பப்ளிக் இதுக்கா டிக்கெட் எடுக்குது? காட் டாலோ!"

வெட்டிவிடு என்று அர்த்தம். வெட்டினேன். ஆறு வருஷத்தில் நான் வெட்டிய மரங்களை நட்டிருந்தால் செம்பூர் வரைக்கும் நிழலில் நடந்து போகலாம்.

அப்போதுதான் ஒரு ஜப்பான் படம் வந்தது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஹாலில் ஞாயிறு காலை ஷோ. பன்னிரண்டு மணிக்கு இந்திப் படத்துக்கு ஹாலைக் காலி செய்தாக வேண்டும். படம் மூன்று நிமிஷம் அதிகம் இருந்தது. எனக்கு வேலை சுலபம். காலி அறை, கொடியில் துணி, திறந்த வாசல் என்று ஏகப்பட்ட ஷாட். ஏழு துண்டு எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று டப்பாவில் போட்டேன்.

விசாலம் அக்கா மாட்டுங்காவில் என்னோடுதான் இருந்தாள். அத்திம்பேர் சிங்கப்பூருக்குக் குமாஸ்தா வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபின் கடிதம் இல்லை, தந்தியும் இல்லை. அக்கா குங்குமத்தை அழிக்கவில்லை. சாயங்காலம் ஆபீஸ் ரயில்கள் வந்து ஓயும்வரை வாசற்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பாள். "வாசல்ல என்ன இருக்கு? சாத்தேன்" என்று நான் எரிந்துவிழுவேன்.

படத்துக்குக் கூப்பிட்டபோது, "அவா மொகத்தையே நேக்குப் பாக்கவேண்டாம்" என்றாள். யுத்தத்துக்குப் போனவனுக்காகப் பெண்டாட்டி காத்திருக்கும் கதை என்றேன். போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

திரையில் ஓடிய இங்கிலீஷ் வரிகளை அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த ஷாட்டில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"திரும்பினாளே, என்னத்தைப் பாத்தா?"

"வாசலைத்தான்க்கா. காலியா இருந்தது, வெட்டிட்டேன்."

"காலியா இருக்கறதைத்தானேடா அவ பாத்தா."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அத்தனை மரங்களையும் வெட்டியபோது உறைக்காதது அன்று உறைத்தது.

திங்கள் காலை, பிரிண்ட் பார்சலுக்குப் போகுமுன், ஏழு துண்டையும் ஒட்டினேன். பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டும் சிமெண்ட் தடவி, அழுத்திப் பிடித்து. ஜாயிண்டுக்கு ஒரு பிரேம் வீணாயிற்று. அது இன்னும் மனதை உறுத்துகிறது. தாராவியிலிருந்து வரும் ஆபரேட்டர் சுப்பையாவிடம் அந்த ரீலை மட்டும், படம் போட்டுப் பார்க்கும் டிரயல் ரூமில் ஓட்டச் சொன்னேன்.

"என்னவே, ஆளில்லாத வாசலுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார்.

அக்காவை வரவழைத்து உட்கார வைத்தேன். பெண் திரும்பினாள். வாசல் வந்தது. வெளியே வெயில், படியில் யாரும் இல்லை. யாரும் வரவும் இல்லை. அக்கா கண்ணை எடுக்கவில்லை. "பாவம், அவளுக்கும் இதேதான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அத்திம்பேர் கப்பலேறிய பதினோரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். சுப்பையா ரீலைச் சுற்றி, இன்னொரு தடவை போட்டார்.

இப்போது எடிட்டிங் பழகும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். ஆள் இல்லாத ஷாட் வந்தால், அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு பிளேடை எடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமும் அக்கா கதவைத் திறந்துவைத்தாள். நான் சாத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி ஆபீஸ் ரயில் போகும்வரை நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.