வாசலில் கழற்றிய சப்பாத்து

யுத்தம் முடிந்த கையோடு எங்கள் கம்பனிக்குக் கப்பலில் ஒரு கரண்ட் மிஷின் வந்தது. மோட்டார் சுற்ற, நீண்ட இரும்புச் சுருள் குழாய்க்குள் புகுந்து அடைப்பைக் குடையும். றப்பர் சப்பாத்து இல்லாமல் அதைத் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு சாக்கடைக் கானுக்குள் நின்று வேலை செய்துவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போனேன். குசினியில் பாத்திரம் கழுவும் குழாய் அடைத்து, தரையெல்லாம் ஈரம். பக்கத்திலேயே சாமியறை. யாரும் சொல்லவில்லை, நானாகவே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுப் போய்ச் சுவிச்சைப் போட்டேன்.

கரண்ட் அடித்ததில் சுவரோடு போய் விழுந்தேன். வீட்டுக்கார அம்மா ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தினார்.

"ஏன் தம்பி வெறுங்காலோட நிண்டனீர்?"

"சாமியறை பக்கத்தில இருக்கு. சப்பாத்து கானுக்குள்ள நிண்டதம்மா."

அவர் வாசலுக்குப் போய், நாறிய அந்தச் சப்பாத்துகளைத் தன் கையாலேயே தூக்கிவந்து என் காலடியில் வைத்தார்.

"மிஷினைத் திருத்திக்கொண்டு நாளைக்கு வாரும். இதைக் கழட்டாம உள்ளுக்கு வாரும். குசினியைக் கழுவலாம். உமக்கு ஒண்டு நடந்தா உம்மட அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

இப்போதும் எந்த வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் போய் வேலை செய்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அன்று பின்னேரம் என் அம்மா போட்ட சோற்றை இருந்து சாப்பிட்டேன். கரண்ட் அடித்ததை அவளிடம் சொல்லவில்லை.